காலிக் கட்டங்களில் நான் எழுதிய ‘இல்லை’

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். (உடம்பைப் பொறுத்தவரை நலம் என்று திருத்தி வாசிக்கவும்.) நீங்களும் மகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் வழக்கறிஞர் என்பதால் ஒரு சந்தேகம் கேட்கிறேன். அபத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சதுப்பு நிலத்தை மண் கொட்டி மூடப்போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் நாளை, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டுமாம். ‘பாதுகாக்க வேண்டிய உயிர் எதுவும் இங்கே இல்லை’ என்பதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் ஒரு பழைய பட்டியல். அதை எழுதியவன் நான்தான். சுற்றுச்சூழல் துறையில் எழுத்தராக இருந்தபோது, பன்னாட்டு உடன்படிக்கைக்கான அறிக்கை ஒருநாள் மாலை ஐந்துக்குள் போயாக வேண்டியிருந்தது. சதுப்பு நிலத்தைப் பார்க்கப் போனவரின் குறிப்பு வந்து சேரவில்லை. காலிக் கட்டம் இருந்தால் அறிக்கை திரும்பிவிடும். மேலதிகாரி, “எதையாவது போட்டு அனுப்புய்யா” என்றார். கட்டத்துக்கு ஓர் உயிரினமாக இருந்த பதினொரு கட்டங்களிலும் ‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதாகப் பாராட்டினார்.

போன வாரம் திங்கட்கிழமை, பட்டப்பகல் மூன்று மணிக்கு, குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு தவளை கத்தியது. மரப்பெட்டியை உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போன்ற குரல். பட்டியலில் முதல் கட்டத்துத் தவளைக்கு அந்தக் குரல்தான். செவ்வாயன்று இரண்டாவது கட்டம், புதனன்று மூன்றாவது. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று, பழையவையும் போவதில்லை. நோட்டுப் போட்டுக் குறித்திருக்கிறேன், வரிசை பிசகவில்லை. எட்டாவது நத்தை. நத்தைக்குக் குரல் ஏது? அன்று சுவரில் ஓர் ஈரக்கோடு மட்டும் மெதுவாக மேலே ஏறியது. தேய்த்துக் கழுவினேன். மறுபடி ஏறியது. உங்கள் அத்தை காதைப் பொத்திக்கொண்டு, “ஏங்க, இம்புட்டையுமா இல்லைன்னு எழுதினீங்க? அப்ப காதுல பஞ்சா வச்சிருந்தீங்க?” என்கிறாள். பெயர் சொல்லாமல் துறைக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே ஒருவர், “ஐயா, இல்லைன்னு உலகத்துக்கே எழுதிக் குடுத்தாச்சு. இப்ப வந்து கத்துனா அது தவளையோட தப்பு” என்றார்.

நான் போய் உண்மையைச் சொன்னால் பொய் அறிக்கை எழுதியவன் ஆவேன்; இந்த வயதில் என்னைக் கூண்டில் நிறுத்துவார்களா? யோசித்து யோசித்து, வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். மகளுக்குத் தெரியவேண்டாம். இன்று வியாழன், பதினொன்றாவது நாள், நீர்நாயின் முறை. மணி இரண்டே முக்கால். பேனாவை எடுத்தால் எல்லாக் குரலும் நிற்கின்றன, வைத்தால் தொடங்குகின்றன. அதனால்தான் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது.

எல்லா நலமும் உங்களைச் சேரட்டும். குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கிழிக்கவேண்டாம். மூன்று மணிக்குப் பேனாவை வைத்தேன். எதுவும் வரவில்லை. மற்ற பத்தும் கேட்கவில்லை. ஈரக்கோடு காய்ந்துவிட்டது. சுவரில் காதை வைத்தேன், தட்டிக்கூடப் பார்த்தேன். நான் அன்று எழுதிய ‘இல்லை’ எப்படி ஒலிக்கும் என்று அப்போதுதான் காதால் கேட்டேன். உங்கள் அத்தை என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். ஆட்சேபப் படிவத்தை நேரில் கொடுத்துவிட்டு வந்தோம். ‘தவறு செய்தவர் யார்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை என்றார்கள். நான் விடவில்லை.