சும்மா கிடந்த புல்வெளி

தங்கை வீட்டிலிருந்து வில்ஃப்ரெட் திரும்பியபோது, பக்கத்துப் பண்ணை நெவில் அவனுடைய புல்வெளியில் பாதியை அறுத்துக் கட்டுக் கட்டாகச் சுருட்டி ஓரம் சேர்த்திருந்தான்.

வசந்தத்திலிருந்து வில்ஃப்ரெட் அந்த வெளியில் கத்தியே வைக்கவில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை ஏக்கர் கணக்கில் மானியம் வந்தது. பிரிந்து வந்த பிறகு, பூவும் தேனீயும் இருந்தால்தான் பணம் என்றார்கள். சும்மா விட்டால் பணம் என்று அவன் அர்த்தம் பண்ணிக்கொண்டான். சும்மா இருப்பதில் ஒரு சுகம் உண்டு. கோடை முழுக்கப் பூக்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். மேலே மேகம் போகும். காதோரம் தேனீ பாடும். இத்தனை வருஷம் உழைத்த மண்மீது அவனுக்கு இப்போதுதான் காதலே வந்தது.

இன்று மானிய அதிகாரி பார்வையிட வருகிறாள். மானியம் நின்றால் பண்ணை ஏதாவது லண்டன்காரனின் விடுமுறை வீடாகிவிடும்.

"டேய் பாவி, நிறுத்துடா!"

நெவில் டிராக்டரை அணைத்தான். "நீ படுத்த படுக்கையா கிடக்கேன்னு கேள்விப்பட்டேன். ஆகஸ்ட்டே முடியப்போகுது, புல்லு வீணாப் போகுதேன்னு..."

"படுத்துக் கிடந்தா நோயாளியா? அதுதான்டா என் வேலை!"

அதற்குள் பட்டிக் கதவு எப்படியோ திறந்து, ஆடுகள் அறுத்த பாதியில் பரவின. வில்ஃப்ரெட் மிச்சப் பூக்களைக் காப்பாற்ற அவற்றின் நடுவே போய் நின்று நாய்க்கு விசிலடித்தான். அந்த நாய்க்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: ஆட்டையெல்லாம் எஜமான் காலடியில் கொண்டு சேர்ப்பது. சேர்த்தது. பூக்கள் துவைபட்டன.

வீட்டுக்கு ஓடினான். தோட்டத்து டாலியாப் பூக்களைக் கைநிறையப் பிடுங்கினான்.

மனைவி மாரியன் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "டீ ஆறுது வில்ஃப்."

"குடியே முழுகப்போகுது, உனக்கு டீ கேக்குதா!"

அவன் திரும்பி வருவதற்குள் புல்வெளியில் மூடுபனி இறங்கியிருந்தது. அந்த வெண்மைக்குள் முழங்காலிட்டு ஒவ்வொரு டாலியாவாக நட்டான். சிவப்பும் மஞ்சளும் மிதப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து சொக்கிப்போனான். பின்னாலேயே ஓர் ஆடு, நட்டதையெல்லாம் நிதானமாகத் தின்றுகொண்டு வந்தது.

பனிக்குள்ளிருந்து அதிகாரியின் ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. வில்ஃப்ரெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேடம், எல்லாம் போச்சு. ஒரு பூவைக்கூட என்னால காப்பாத்த முடியலை."

அவள் குனிந்து, குளம்புத் தடத்தில் புதைந்திருந்த விதைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"சும்மா விட்ட வெளிக்கு ஏது சார் பணம்? விதை உதிர்ந்ததும் அறுத்து, ஆட்டை விட்டு மிதிக்கவெச்சாத்தான் அடுத்த வருஷம் பூ வரும்னு போன வாரம் உங்க வீட்டம்மாகிட்ட போன்ல சொன்னேன், கச்சிதமா முடிச்சிட்டாங்களே!"