எனக்கும் ஒரு பிரஷர் வேண்டும்

நோய் நொடி இல்லாமல் வை தாயே என்றுதான் எல்லோரும் ஆண்டாளிடம் வேண்டிக்கொள்வார்கள். "எனக்கு எப்படியாவது பிளட் பிரஷரைக் கொடு" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் சந்நிதியில் நின்று மனமுருகிக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (அவளும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு போன கோபமோ என்னமோ!)

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் கூட்டுக் குடும்பம். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். அவருடைய அண்ணன் மனைவி ருக்மணி அக்கா. எங்கள் இருவருக்கும் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அக்கா கத்தினால் தெருமுனைக் கடை வரை கேட்கும். நான் கத்துவதோடு கையில் இருப்பதையும் எறிவேன். "எனக்கு வாய்ச்ச மருமக ரெண்டும் வெடிமருந்து" என்று மாமியார் பொதுவாகத் திட்டுவார். அதில் ஒரு பாரபட்சமும் இருந்ததில்லை.

செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் அக்கா மயங்கி விழுந்தார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு பிரஷர் என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அக்காவின் கோபம் வியாதி ஆகிவிட்டது. என்னுடையது திமிராகவே இருந்தது.

அக்கா கத்தினால், "ஏ, அவளுக்குப் பிரஷர் ஏறுது, ஃபேனை அங்கிட்டுத் திருப்புங்க" என்பார் மாமியார். நான் கத்தினால், "இவளுக்குக் கொழுப்பு ஏறுது." அக்கா மாவாட்ட வேண்டியதில்லை. அக்காவுக்குத் தனிச்சட்டியில் உப்பில்லாக் குழம்பு, அதுவும் மாமியார் கையால். பதினோரு மணியானால் மோர். அக்காவின் மாத்திரை டப்பாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். நகை நட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. வியாதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான்.

ஒரு சித்திரை மத்தியானம், மாவாட்டி முடித்துக் குழம்பையும் இறக்கிவிட்டு, கரண்டியும் கையுமாக ஃபேனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தேன். மாமியார் வந்து அதை அக்கா பக்கம் திருப்பினார். கரண்டி பறந்து போய்ச் சுவர்க் காலண்டரில் அடித்தது. முருகன் முகமெல்லாம் புளிக்குழம்பு. செத்த நேரம் கழித்துப் பார்த்தால் என் ஐந்து வயது மகள் செல்வியைக் காணோம். தேடினால் அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறாள். தலையை மட்டும் நீட்டி, "போயிருச்சாம்மா?" என்றாள். மழை விட்டுவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றே திருந்தியிருப்பாள். நான் என்ன முடிவு செய்தேன் தெரியுமா? இது வியாதி. அக்காவுக்கு வந்த அதே வியாதி. டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் பிள்ளைக்கும் பயம் தெளியும், எனக்கும் மோர் வரும்.

முதல் டாக்டர் பட்டையைச் சுற்றி, "நூத்தி இருபது, எம்பது. நல்லாருக்கீங்க" என்றார். (இதைச் சொல்ல ஒரு டாக்டரா?) நாட்டு வைத்தியர் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார். இன்னொருவர் ரத்தம் போதாது என்று சத்து மாத்திரை எழுதினார். மூன்று நாள் ஊறுகாயும் கருவாடுமாகத் தின்றுவிட்டு மறுபடி முதல் டாக்டரிடம் போனேன். பிரஷர் இரண்டு புள்ளி குறைந்திருந்தது. உப்புக்கு நன்றி இல்லாத உடம்பு!

என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர்தான், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு மனநல மருத்துவர் வருகிறார், அவரைப் பாருங்கள் என்றார். வீட்டுக்காரர் நடுங்கினார். "ஊருக்குள்ள பைத்தியம்னுல்லா பேசுவாக!" செல்விக்காக ஒருவழியாகச் சம்மதித்தார். மருத்துவர் முதல்நாள் எல்லாம் விசாரித்துவிட்டு, ஒரு நோட்டுப் போடச் சொன்னார். கோபம் வரும்போதெல்லாம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன்.

அடுத்த முறை வீட்டுக்காரருக்கு ஷிப்டு. வியாதியில் அனுபவசாலி என்று மாமியார் அக்காவைத் துணைக்கு அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்று சொல்ல வேண்டுமா? மருத்துவரும், "வீட்டுல ஒருத்தர் கூட இருக்கது நல்லதுதான்" என்று அக்காவையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். நோட்டை வாசிக்கச் சொன்னார். நான் நோட்டை மடியில் இறுக்கிக்கொண்டேன். அக்கா வெடுக்கென்று பிடுங்கினார்.

"கொண்டா இங்க. டாக்டரய்யாட்ட என்னட்டி வெக்கம்?"

"திங்கள். அக்கா பக்கம் ஃபேன் திரும்பியது. டம்ளரை எறிந்தேன்." குரல் கணீரென்று இருந்தது.

"செவ்வாய். அக்காவுக்கு மோர். எனக்கு இல்லை. முறத்தை எறிந்தேன்." குரல் இறங்கியது.

"புதன். அக்காவுக்கு மோர். அதில் பெருங்காயம் வேறு."

"வியாழன்..." அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். தாங்க முடியவில்லை."

"எம்புட்டு வயித்தெரிச்சல்டி ஒனக்கு!" அக்கா போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் கதவில் வந்து எட்டிப் பார்த்தார்கள். மருத்துவர் பதறிப்போய் அக்கா கையில் பட்டையைச் சுற்றினார். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். நூற்று இருபது, எண்பது. என்னிடம் இருந்ததே அந்த ஒரு நம்பர்தான். அதையும் அக்கா எடுத்துக்கொண்டார்.

"மாத்திரை நல்லா கேக்குதே. என்ன மாத்திரை?" என்றார் மருத்துவர்.

அக்கா தலையைக் குனிந்தார். "கொறஞ்சிருச்சுன்னு நிறுத்தி ஒரு வருசமாச்சு. டப்பால கெடக்கது சத்து மாத்திரை. பிரஷர் போயிருச்சுன்னா ஃபேனும் போயிரும்லா?" சொல்லும்போதே பொலபொலவென்று அழுதார். "நாந்தாண்டி ஒன்னயப் பாத்து வயிறெரிஞ்சேன். இம்புட்டு வருசமா உப்பில்லாம திங்கேன். நீ எங்கண்ணு முன்னாடியே ஊறுகாய நக்குத."

தானாக மாத்திரையை நிறுத்தினதற்கு அக்காவுக்கு நல்ல டோஸ் விழுந்தது. மாதாமாதம் பிரஷர் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பிறகு மருத்துவர் என் பக்கம் திரும்பினார்.

"வெடிக்கிற கோபம் தனி வியாதிம்மா. அதுக்குப் பேரும் இருக்கு, வைத்தியமும் இருக்கு. பொறாமை அதுல எண்ணெய் ஊத்துது. ஏறுறது தெரிஞ்சதும் கையில இருக்கத கீழ வச்சிட்டு வெளிய போயிருங்க. பேரு கெடச்சிருச்சேன்னு எறியக்கூடாது."

இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். வீட்டில் போய் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு வரை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். பஸ்ஸில் அக்கா நகர்ந்து எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். காற்று வாங்கின சுகத்தில் பெயர் மறந்துபோயிற்று.

"என்ன வியாதியாம்?" என்றார் மாமியார் வாசலிலேயே. நான் பெயரைத் தேடுவதற்குள், "எம்பேரத்தான் அத்தை எழுதிக் குடுத்துருக்காக. வியாதி பேரு ருக்மணி" என்றார் அக்கா.

அக்காவின் ரகசியத்தை நான் வெளியே விடவில்லை. மறுநாள் ஃபேன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. ஒரு வருஷம் சனிக்கிழமைகளில் போய்வந்தேன். சூடு ஏறினால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கொல்லைக் குழாயடிக்குப் போகப் பழகினேன். வீட்டில் அதற்கு "ருக்மணி ஏறுது" என்று பெயர். இன்றுவரை அதுதான்.

போன மாதம் செல்வி வந்திருந்தபோது, பால் பொங்கி வழிந்ததில் எனக்கு ருக்மணி ஏறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். கதவு நிலையில் சாய்ந்து நின்ற செல்வி சிரித்துக்கொண்டே, "போயிருச்சாம்மா?" என்றாள்.

உள்ளே கட்டிலில் இருந்து அக்காவின் குரல் வந்தது.

"எங்கட்டி போவேன்? இங்கனதான் கெடக்கேன்."