கலெக்டருக்கு எக்ஸ்ரே, கையில் தேன் புட்டி

எட்டு. மற்றதை மறந்தாலும் இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில், எட்டு எலிகளுக்குத் தேனீப் பிசினை, அதாவது தேனீக்கள் கூட்டின் ஓட்டையை அடைக்கப் பூசுவதை, கொடுத்துவிட்டுக் கதிர்வீச்சில் வைத்தார்களாம்; எலிகள் கொஞ்சம் தெம்பாக இருந்தனவாம். எந்த நாடு? எவ்வளவு பிசின்? எவ்வளவு கதிர்? கேட்காதீர்கள். இது 'ஆராய்ச்சியே சொல்லிருச்சு' ஆசாமிகளின் உலகம். கேட்பவனுக்கு இங்கே இடமில்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். காலையில் பேப்பரின் முதல் பத்தியைப் படிப்பார். இரண்டாவது பத்திக்குள் டீ வந்துவிடும். அதோடு படிப்பு முடிந்து பிரசங்கம் ஆரம்பம். செல்போன் கோபுரத்தைக் கண்டால் துண்டை எடுத்துத் தலையில் போடுவார். சட்டைப் பையில் இருக்கிற செல்போனை மட்டும் எடுக்க மாட்டார். மின்னல், ஏர்போர்ட் ஸ்கேனர், பக்கத்து வீட்டு வைஃபை, உச்சி வெயில் எல்லாம் அவருக்கு ஒரே கதிர். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, அதுவும் அவர் பையிலேயே இருக்கும். விற்கிறாரா? இல்லை. விற்றால் போலீசில் சொல்லலாம். சும்மா கொடுக்கிற மனுஷனை என்ன செய்வது?

அவனியாபுரம் கிருபாகரன் இந்த இனத்தில் முதல் தரம். மிஷன் பள்ளியில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக்காரர் விருமாண்டி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விருமாண்டியின் நாய்க்குப் பெயர் கலெக்டர். எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது என்பதால் வைத்த பெயர். மாம்பழக் காலம் வந்தது. கலெக்டர் ஒரு பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டது. இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கால்நடை டாக்டர் ஜெனிஷா போனில் சொன்னது கொஞ்சம்தான்: வெறும் வயிற்றோடு கூட்டிவாருங்கள், எக்ஸ்ரேயில் கொட்டை தெரிந்தால் உடனே மயக்க ஊசி, உடனே ஆபரேஷன்.

இதில் கிருபாகரன் காதில் விழுந்தது ஒரே சொல். எக்ஸ்ரே.

"கதிர்வீச்சுய்யா விருமாண்டி! வாயில்லாத சீவன் தாங்குமா? இரு, நானும் வாரேன்."

ஆஸ்பத்திரியில் விருமாண்டி சீட்டு வாங்கப் போன நேரம் பார்த்துப் புட்டியைத் திறந்தார். தேன், அதில் கரைத்த தேனீப் பிசின், ராணித் தேனீ தின்னும் கூழ். கலெக்டருக்கு நாலு கரண்டி உள்ளே. மீதியை முதுகில், வயிற்றில், மூக்கு நுனியில் பூசினார்.

வாடிப்பட்டியிலிருந்து ஆட்டோடு வந்திருந்த தங்கப்பொண்ணு பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே பூசுறீங்க?"

"கதிர்வீச்சுக்குக் கவசம்மா. எட்டு எலி பொழச்சிருக்கு. ஆராய்ச்சியே சொல்லிருச்சு."

"அப்ப எங்க ஆட்டுக்கும் ரெண்டு சொட்டு விடுங்க."

"ஆட்டுக்கும் எக்ஸ்ரேயா?"

"இல்லண்ணே, குடல்புழு. வந்ததுக்கு வாங்கிக்கிறேன்."

அவ்வளவுதான். ஹாலே வரிசையில் நின்றது. ரேஷன் கடையில் நிற்காத ஒழுங்கு! பூனைக்கு ஒரு கரண்டி, கன்றுக்குட்டிக்கு இரண்டு, கூண்டுக் கிளிக்கு விரல் நுனியில். தங்கப்பொண்ணுவின் ஆடு ருசி கண்டு கலெக்டரின் முதுகை நக்க, அது நக்கியதைப் பார்த்துக் கன்று நக்க, கூண்டைவிட்டு வந்த கிளி கலெக்டரின் வாலில் ஒட்டிக்கொண்டு கத்த, கடைசியில் வாசல் வேப்பமரத்துத் தேனீக்களே உள்ளே வந்துவிட்டன. உழைத்தது அவை, தங்கள் பங்கைக் கேட்க வந்ததில் என்ன தப்பு?

டாக்டர் ஜெனிஷா வெளியே ஓடிவந்தார். "யாரு நாய்க்குத் தேன் குடுத்தது?"

"நான்தாம்மா. எக்ஸ்ரே கதிருக்கு முன்னெச்சரிக்கையா... எட்டு எலிக்குக் குடுத்துப் பாத்து..."

"சார், இந்த எக்ஸ்ரே கண்ணிமைக்கிற நேரம்தான். எலிக்கு வச்ச கதிர் வேற, இது வேற. தேன் வயித்தோட மயக்க ஊசி போட்டா, வாந்தி மூச்சுக்குழல்ல ஏறி நாய் செத்துரும். இனி சாயங்காலம்தான். அதுவரைக்கும் குடல் கிழியாம இருக்கணும்."

விருமாண்டி நாயின் தலையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கலெக்டர் முனகியது.

"வெறும் வயிறுன்னு எம்புட்டுச் சொன்னேன் சார்?"

"தேன் சாப்பாடா தம்பி? மருந்துல்ல!"

"இதுக்கு ஏதாச்சும் ஆச்சு, அந்தப் புட்டியோட உங்களையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும், சொல்லிப்புட்டேன்."

வெறும் வயிற்றோடு வந்திருந்த பூனைக்கும் கன்றுக்கும்கூட அன்றைக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. சாயங்காலம் கலெக்டரின் வயிற்றைத் திறந்தார்கள். கொட்டை வந்தது. கூடவே அழுகிப்போன குடல் ஒரு சாண் வந்தது. காலையிலேயே செய்திருந்தால் குடலை வெட்ட வேண்டியிருந்திருக்காது என்றார் டாக்டர். ஆனாலும் நாய் பிழைத்துக்கொண்டது. விருமாண்டி வாசலில் நின்று அழுதார்.

கிருபாகரன்? தலை குனிந்தார் என்றா நினைத்தீர்கள்?

"பாத்தியா தம்பி! தேன் உள்ள போனதாலதான் சாயங்காலம் வரைக்கும் தாங்குச்சு."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் தையல் போட்ட வயிற்றோடு கலெக்டர் வாலாட்டும் வீடியோவை, 'கதிர்வீச்சை வென்ற நாய்' என்று தலைப்புப் போட்டு அவர் அனுப்பினாரே, அது உங்களுக்கும் வந்திருக்கும். கதிர்வீச்சை வென்ற நாய்க்கு வயிற்றில் தையல் எதற்கு என்று கேட்டீர்களா? இல்லை, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று மச்சானுக்குத் தள்ளிவிட்டீர்களா? யாரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள். நேற்றுவரை தள்ளிவிட்டவர்கள் 4,312 பேர்.