கடிக்கக் கற்றுக்கொடுத்த மான்

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கும் செல்பேசிக் கோபுரத்துக்கும் நடுவே, ஒரு மழலையர் பள்ளி இருந்தது. அதன் தாளாளர் சிங்காரவேலர் என்ற நரி. அவர் பள்ளியில் இரண்டு விதிகள் மிகவும் கண்டிப்பானவை. பள்ளி நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. சாப்பாட்டு டப்பாவில் அசைவம் கொண்டுவரக் கூடாது. பள்ளி விட்ட பிறகு நடப்பதெல்லாம் அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது.

அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராக வடிவு என்ற புள்ளிமான் புதிதாகச் சேர்ந்தாள். பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தாள். விளையாட்டு முறைக் கல்வி, செயல்வழிக் கற்றல், குழந்தை உளவியல் எல்லாம் படித்திருந்தாள். காய்ந்த இலைகளை ஒட்டிப் பொம்மலாட்டம் காட்டுவாள். ஆறு குரலில் கதை சொல்லுவாள்.

"முதல் வருஷம் தற்காலிகம்தான் டீச்சர். ஆண்டு விழா முடிஞ்சதும் நிரந்தரம் பண்ணிடலாம். பெற்றோர் திருப்தியா இருக்கணும், அவ்வளவுதான்," என்றார் நரி.

"எனக்கு முன்னாடி இருந்த டீச்சர் ஏன் சார் போனாங்க?"

"முயல் மிஸ்ஸா? தங்கமான பொண்ணு. சாயங்காலம் கொஞ்சம் மெதுவா நடப்பா."

வடிவு தன் குளம்புகளை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

முதல் நாள் வகுப்பே அழுதது. குரங்குக் குட்டிகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு அழுதன. முள்ளம்பன்றிக் குட்டி அழுத அழுகையில் அதைச் சமாதானப்படுத்தப் போனவர்கள் எல்லாம் அழுதார்கள். வடிவு பொம்மை காட்டினாள், பாடினாள், ஆடினாள். ஒன்றும் பலிக்கவில்லை. அவளுக்கே தன் அம்மாவிடம் போக வேண்டும் போலிருந்தது.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த புலிக்குட்டியும் வாயைத் திறந்து அழ ஆரம்பித்தான். மறு நொடி மற்ற எல்லாக் குட்டிகளும் அழுகையை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தன.

அந்தப் பக்கமாக வந்த நரி எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே டீச்சர், நல்ல கட்டுப்பாடு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புலிக்குட்டியின் பெயர் சாத்விக். காட்டில் எல்லோரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் அப்போது பெயர் வைத்தார்கள். அவன் அம்மாதான் பெற்றோர் சங்கத் தலைவி. ஒரு டீச்சர் நிரந்தரம் ஆவதும் ஆகாததும் அவள் முகம் சுளிப்பதில் இருந்தது.

மதிய மணி அடித்தது. சாத்விக் டப்பாவைத் திறந்தான். தயிர்சாதம். மேலே மாதுளை முத்துகளை அம்மா பூப்போல அடுக்கியிருந்தாள். சாத்விக் டப்பாவை மூடினான்.

"ஒரே ஒரு வாய் கண்ணா," என்றாள் வடிவு.

"வேணாம்."

"ஏன்டா செல்லம்?"

"இது அசையல மிஸ்."

வடிவு யோசித்தாள். கரண்டியில் சோற்றை எடுத்து, "இதோ மைனா பறந்து வருது, பறந்து வருது..." என்று அவன் முகத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். சாத்விக்கின் கண்கள் உருண்டன. ஒரே கவ்வில் கரண்டியின் பாதி காணாமல் போனது. பிறகுதான் அது தயிர்சாதம் என்று தெரிந்து துப்பினான்.

"பொய் சொல்றீங்க மிஸ்," என்றான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். "நீங்க அசையறீங்க."

வடிவு அன்று மாலை வரை அசையாமல் பாடம் நடத்தினாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செல்பேசியில் குரல் செய்தி வந்துவிட்டது. "மிஸ், சாத்விக் அம்மா பேசறேன். டப்பா அப்படியே திரும்பி வந்திருக்கு. எங்க பேச்சைக் கேட்கவே மாட்டேங்கறான். நீங்க சொன்னாத்தான் கேட்பான். கொஞ்சம் மிரட்டி வைங்க மிஸ்."

'மிரட்டி' என்ற இடத்தை வடிவு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

மறுநாள் நரியிடம் சொன்னாள். நரி பெருமூச்சு விட்டார். "டீச்சர், உள்ளே என்ன நடக்குதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வர்ற டப்பாதான் தெரியும். டப்பா காலியா போகணும்."

அன்று மதியம் சாத்விக் வழக்கம்போல டப்பாவை மூடிவைத்தான். வடிவு ஒரு குரங்குக் குட்டிக்கு மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். டப்பா பளபளவென்று காலியாக இருந்தது. பக்கத்தில் காட்டுப்பன்றிக் குட்டி லோகிதா மீசையில் தயிரோடு உட்கார்ந்திருந்தாள்.

"லோகிதா, யார் டப்பா அது?"

"திறந்த டப்பா மிஸ்."

"மூடித்தானே இருந்தது?"

"நான் திறந்தேன் மிஸ்."

உண்மையை அன்றே அம்மாவிடம் சொல்லிவிடத்தான் வடிவு நினைத்தாள். ஆனால் அவள் எழுதி முடிப்பதற்குள் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் புலியம்மாவின் செய்தி வந்துவிட்டது. 'டப்பா காலி!!! வடிவு மிஸ் என்ன மந்திரம் போட்டீங்க?' கரடியம்மா இதயம் போட்டாள். குரங்கம்மா வரிசையாகக் கை தட்டினாள். தாளாளர் கட்டை விரலை உயர்த்தினார். வடிவு எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டுக் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினாள்.

அன்றிலிருந்து டப்பா தினமும் காலியாகவே போனது. வடிவு மிஸ்ஸின் புகழ் ஓடையைத் தாண்டியும் பரவியது. சாத்விக்குக்கோ பசி வளர்ந்துகொண்டே வந்தது. பாய் விரித்து எல்லோரையும் தூங்கச் சொன்னால், அவன் உருண்டு உருண்டு அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வான்.

"மிஸ், உங்க தொடை அழகா இருக்கு."

"நல்ல பிள்ளை அதையெல்லாம் பார்க்காதுடா கண்ணா."

"கடிக்கலாமா?"

"கடிக்காத பிள்ளைக்கு மிஸ் என்ன கொடுப்பேன், சொல்லு? நட்சத்திரம்!" என்று செம்மண்ணைக் குழைத்து அவன் நெற்றியில் ஒரு நட்சத்திரம் வரைந்தாள். அவசரத்தில் அது கோணலாக விழுந்தது. ஆனாலும் சாத்விக் ஓடைத் தண்ணீரில் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். அதன் பிறகு மணிக்கு மணி வந்து நிற்பான். "மிஸ், நான் இன்னும் கடிக்கல." வடிவும் மணிக்கு மணி வரைந்தாள். உயிர் பிழைக்கப் போட்ட நட்சத்திரம்தான். ஆனாலும் அந்தக் குட்டி கொட்டாவி விட்டுத் தலையை அவள் மடியில் வைத்தபோது, அவளுக்குப் பயத்தோடு இன்னொன்றும் வந்தது. அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

பிறகு பள்ளிக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது. டாக்டர் மரங்கொத்தி, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கிளையில் தொங்கவிட்டு எடை பார்த்தார். சாத்விக் தொங்கியபோது கிளை அசையவே இல்லை. லோகிதா தொங்கியபோது கிளை முறிந்தது.

மறுநாள் காலை புலியம்மா பள்ளிக்கு வந்தாள். அவள் அலுவலக அறைக்குள் நுழைந்ததும் மற்ற டீச்சர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேறு வேலை வந்துவிட்டது. நரியும் வடிவும் சாத்விக்கும் மட்டும் இருந்தார்கள்.

"தினமும் டப்பா காலி. பிள்ளை எலும்பும் தோலும். எங்க மிஸ் போச்சு அந்தச் சாப்பாடு?"

நரி மேசைக்கு அடியில் வடிவின் காலை மிதித்தார். ஏதாவது பொய் சொல் என்று அதற்கு அர்த்தம். வடிவு சாத்விக்கைப் பார்த்தாள். விலா எலும்பு தெரிந்தது. நெற்றியில் நேற்றைய நட்சத்திரம் பாதி அழிந்திருந்தது.

"அவன் ஒரு நாள்கூடச் சாப்பிடலை மேடம். லோகிதா சாப்பிட்டா. நான் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்," என்றாள்.

நரி கண்ணை மூடிக்கொண்டார். புலியம்மா மகன் பக்கம் திரும்பினாள். "டேய், அப்போ இத்தனை நாளும் பசியோடவா இருந்தே?"

"ஆமாம்மா."

"பசியோட, இவங்க பக்கத்துலயா உட்கார்ந்திருந்தே?"

"பக்கத்துலதான் தூங்குவேன்."

"கடிக்கலையா?"

"கடிக்கக் கூடாதும்மா. கடிச்சா நட்சத்திரம் கிடையாது," என்று நெற்றியைக் காட்டினான் சாத்விக்.

அன்பினால் புலியையும் திருத்தலாம் என்று இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். புலியம்மா வடிவைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டிருக்க வேண்டும். கண்ணீர் விட்டாள்தான். ஆனால் தலையில் அடித்துக்கொண்டு விட்டாள்.

"ஐயோ, என் பிள்ளையைக் கெடுத்துட்டீங்களே! சோறு தின்னாட்டிப் போறான், வீட்ல கறி போட்டுக்கலாம். கடிக்காத புலியை வச்சுக்கிட்டு நான் சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்? இவன் பெரியப்பா பையன் இந்த வயசுல காட்டெருமையையே கடிச்சான்!" என்றவள் மேசை மேல் பாதத்தை வைத்தாள். மேசையில் ஐந்து கோடுகள் விழுந்தன. "ஆண்டு விழாவுக்குள்ள இவன் கடிக்கக் கத்துக்கணும். இல்லேன்னா மிஸ், நானே வந்து பாடம் எடுப்பேன். உங்களை வச்சு."

"கவலையே படாதீங்க மேடம். எங்க டீச்சர் செயல்வழிக் கற்றல்ல கெட்டிக்காரங்க," என்றார் நரி.

வடிவு அன்று மாலை நெடுநேரம் காலி வகுப்பறையில் நின்றாள். கடிக்கக் கற்றுக்கொடுத்தால் முதல் கடி யாருக்கு என்பது தெரிந்ததுதான். கற்றுக்கொடுக்காவிட்டாலும் அதேதான். செயல்வழிக் கற்றல் என்றால் அவளையே கடித்துப் பழகுவதுதான். ஓடிவிடலாமா என்று பார்த்தாள். இன்னும் விடாத பக்கத்து வகுப்பில் யு.கே.ஜி. டீச்சர் ஆமை, பிள்ளைகளுக்கு நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தாள். வாத்துக் குஞ்சுகள் கொட்டாவி விட்டபடி எழுதிக்கொண்டிருந்தன. வடிவு அதை வெகுநேரம் பார்த்தாள். படித்த உளவியல், விளையாட்டு முறை, பொம்மலாட்டம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி மூலையில் வைத்தாள்.

மறுநாள் முதல் பாடவேளையே கடிதான்.

"எல்லோரும் நேரா உட்காருங்க. வாயில் விரல் வைங்க. கடி என்றால் என்ன?"

"மிஸ், நான் செஞ்சு காட்டட்டுமா?" என்று துள்ளி எழுந்தான் சாத்விக்.

"உட்காரு. அது மூணாம் பருவத்துல வரும். இப்ப எழுது."

நாலு கோடு நோட்டில் 'கடி, கடி, கடி' என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். கோட்டுக்கு வெளியே போனவர்கள் திரும்ப எழுதினார்கள். பல்லின் படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள். மஞ்சள் தீட்டிய சாத்விக்கிடம், அதை அழித்துவிட்டு வெள்ளை தீட்டச் சொன்னாள். கடியின் வகைகளை மனப்பாடம் செய்தார்கள். வீட்டுப்பாடமும் கடி, விடுமுறைப் பாடமும் கடி. போதாததற்குப் பாட்டு:

மேல்பல் எங்கே? இங்கே இங்கே!
கீழ்ப்பல் எங்கே? இங்கே இங்கே!
இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?
கடி ஆகும், கடி ஆகும்!

ஆரம்பத்தில் சாத்விக் அவள் காலைப் பார்த்துப் பாடினான். பிறகு சுவரைப் பார்த்துப் பாடினான். மாதிரித் தேர்வு முடிந்த வாரம், கடிப் பாடவேளை என்றாலே அவனுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது. வடிவு அவன் அருகில் நடந்தாள், ஓடினாள், வாலைக்கூட ஆட்டிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அவளுக்கு உயிர் வந்தது. கூடவே, மணிக்கு மணி நட்சத்திரம் கேட்டு வந்தவன் இப்போது வருவதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அவள் அடுத்த பாடத்தைக் கரும்பலகையில் எழுதப் போனாள்.

ஆண்டு விழாவில் சாத்விக் மேடையேறி, கடியின் வகைகளை மூச்சு விடாமல் ஒப்பித்தான். நரி சான்றிதழ் கொடுத்தார். 'கடித்தல்: முதல் தரம்.' புலியம்மா அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். விழாப் பந்தலுக்குப் பின்னால் ஒரு கொழுத்த முயல் ஓடியது.

"டேய், பாருடா! எங்க, ஒரு கடி கடிச்சுக் காட்டு," என்றாள் மகனிடம்.

சாத்விக் முயலை ஒரு பார்வை பார்த்துக் கொட்டாவி விட்டான். "கடியா? போர்ஷன் முடிஞ்சு போச்சும்மா."

"பார்த்தீங்களா!" என்று புலியம்மா பூரித்துப்போய்ப் பக்கத்தில் இருந்த சிறுத்தையம்மாவின் தோளைத் தட்டினாள். "போர்ஷனே முடிச்சுட்டான்! உங்க வீட்ல இன்னும் சும்மா கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கானா?"

சிறுத்தையம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு சிறுத்தைகளும் ஓநாய்களும் முதலைகளும் பிள்ளைகளை வடிவு மிஸ் வகுப்பில்தான் சேர்ப்போம் என்று வரிசையில் நின்றார்கள். கடியோடு பதுங்குதல், பாய்தல், துரத்துதல் ஆகியவையும் பாடத்தில் சேர்ந்தன. வடிவு நிரந்தரம் ஆனாள். சில ஆண்டுகளில் அந்தக் காட்டில் முதல் தரம் வாங்காத புலியே இல்லை. மான்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே படுத்து அசைபோட்டன.

நீதி: பிள்ளை ஒரு காரியத்தை ஆயுளுக்கும் செய்யக் கூடாது என்று நினைத்தால், அதைத் தடுக்காதீர்கள், பாடமாக வைத்து, பரீட்சையும் நடத்திவிடுங்கள்.