கதிர்வீச்சும் என் கடைவாய்ப் பல்லும்

ஒரு மனிதன் தன் மூளையைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தது குற்றமா? நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் பழனிச்சாமி. கூட்லு கேட் பக்கம் ஒரு துணி கம்பெனியில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். வீடு பொம்மனஹள்ளி. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் எனக்கொன்று, என் மனைவி தமயந்திக்கொன்று என இரண்டு செல்போன் வாங்கினேன். வாங்கிய பாவத்துக்கு தினமும் ஏழெட்டு தடவை கூப்பிட்டாள். விஷயம் ஒன்றே ஒன்றுதான். என் கடைவாய்ப் பல்.

"வலி எப்படி இருக்கு?"

"வழி இழ்ழயே."

"வலி இல்லாதவர் ஏன் இப்படிப் பேசறீங்க? டாக்டர்கிட்ட எப்பப் போறோம்?"

பல் டாக்டர் என்றால் எனக்குப் பயம் என்று அவள் காந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். காந்தா எங்கள் பக்கத்து வீட்டம்மா. இது அப்பட்டமான அவதூறு. அந்த ஊசி, அந்தக் குறடு, அந்தச் சாய்வு நாற்காலி, இந்த மூன்றைத் தவிர எனக்கு எதிலும் பயம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் எனக்கு விடுதலை கிடைத்தது. செல்போன் கதிர்வீச்சைக் குறைப்பது எப்படி என்று அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். தமயந்தியை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

"கேட்டுக்கோ. போனைக் காதுல ஒட்டி வச்சுப் பேசக் கூடாது. ஸ்பீக்கர்லயோ ஹெட்செட்லயோ பேசணும். பேச்சைச் சுருக்கணும். சிக்னல் கம்மியா இருக்கற எடத்துல பேசறதைத் தவிர்க்கணும், அப்பதான் போன் அதிகமா கதிரைக் கக்குமாம். பேசறதுக்குப் பதிலா எஸ்.எம்.எஸ். அனுப்பறது உத்தமம்."

பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தாள். "இதனால கெடுதல்னு இன்னும் உறுதியாத் தெரியலைன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கே?"

"முதல் வரியை எவன் படிப்பான்? புருஷனோட மூளை உனக்கு முக்கியமா இல்லையா?"

என் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "இருக்கறதைக் காப்பாத்திக்க வேண்டியதுதான்" என்றாள்.

அவமானம்தான். ஆனால் காரியம் பெரிது. பொறுத்துக்கொண்டேன்.

"இனிமே ஆபீஸ் நேரத்துல கால் கிடையாது" என்று அறிவித்தேன்.

"கால் இல்லாம எப்படி ஆபீஸ் போவீங்க?"

"போன் கால்! அவசரம்னா எஸ்.எம்.எஸ். பண்ணு. அதுவும் சின்னதா."

மூன்று நாள் சொர்க்கம். அதற்குள் காந்தாவிடம் எஸ்.எம்.எஸ். அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டாள். எங்கள் போனில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும். புதன்கிழமை முதல் செய்தி வந்தது. பி, ஏ, எல். பல் எப்போ என்று கேட்டிருக்கிறாள். எனக்கா புரியாது? "பால் காலையிலேயே வாங்கியாச்சு" என்று பதில் போட்டேன். பதிலுக்குப் பதில் வரவில்லை. ஒழிந்தது தொல்லை என்று விசில்கூட அடித்தேன். பல் வலித்ததால் பாதியில் நிறுத்தினேன்.

மறுநாள் வியாழன். மத்தியானம் மூன்று மணி. லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. போன் முனகியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வி, ஏ, எல், ஐ.

'வலி. உடனே வாங்க.'

பன்னிரண்டு வருஷத்தில் தமயந்தி தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை. அவளுக்கு அதைக் கொடுத்துத்தான் பழக்கம். மேனேஜர் வெங்கடராமனிடம் ஓடினேன்.

"சார், வீட்ல வலின்னு செய்தி வந்திருக்கு!"

"அரை நாள் லீவு எழுதிட்டு ஓடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார், தங்கமான மனுஷன்.

ஆட்டோ பிடித்தேன். ஓசூர் ரோட்டில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. சீக்கிரம் போகச் சொல்லி, "பேக ஹோகப்பா!" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கத்தினேன். "ஜாம் சார், ஏன் மாடோது?" என்று, என்ன செய்வது என்பதுபோல் கையை விரித்துவிட்டு டிரைவர் பீடி பற்ற வைத்தான். தமயந்திக்குப் போன் போட்டேன். கட் பண்ணினாள். மறுபடி போட்டேன். மறுபடி கட். பிறகு ஒரு செய்தி.

'பேசாதீங்க. சிக்னல் கம்மி.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வலியிலும் என் மூளையைப் பற்றி நினைக்கிறாளே!

வீட்டு வாசலில் தமயந்தி நின்றிருந்தாள். படுத்திருக்கவில்லை, நின்றிருந்தாள். வெளியே கிளம்பும் சேலை, தோளில் பை, பக்கத்தில் காந்தா.

"எங்க வலி? நெஞ்சுலயா? வயித்துலயா?"

"வலியா? வாளிங்க! பழசு உடைஞ்சு போச்சு. வாளி உடனே வாங்கணும்."

"வாங்கன்னுதானே இருந்துச்சு!"

"'ணும்' அடிக்கலை. சின்னதா அனுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்த வாளி தீபாவளிக்கே உடைஞ்சது! அதுக்கு ஒரு மனுஷன் லாரியைப் பாதியில விட்டுட்டு, அரை நாள் லீவு போட்டுட்டு ஓடி வரணுமா?" என்று வாயை முழுசாகத் திறந்து கர்ஜித்தேன்.

திறந்ததுதான் தப்பு. தாடையில் சுளீரென்று ஒரு மின்னல். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அய்யோ, சார்க்கு நோவு ஜாஸ்தி இருக்குதே!" என்றார் காந்தா. ஒத்திகை பார்த்த குரல் அது. சத்தியம் செய்வேன்.

தமயந்தி நிதானமாக ஆட்டோவில் ஏறினாள். "ஏறுங்க. நாலு மணிக்கு நம்பர் வாங்கி வச்சிருக்கேன்."

"வாளிக்கு நம்பரா?"

"டாக்டர் ராஜலக்ஷ்மிகிட்ட."

"முடியாது! எனக்கு ஆபீஸ்ல தலை போற வேலை!"

"அதான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கீங்களே."

இதற்கு எந்தப் பேப்பரில் பதில் போட்டிருக்கிறது? ஏறினேன்.

ஊசி, குறடு, நாற்காலி, மூன்றையும் பார்த்தேன். பல்லை ஒரு கிண்ணத்தில் டொக்கென்று போட்டுவிட்டு, என் வாயில் பஞ்சை அடைத்தார் டாக்டர்.

"பக்கத்துப் பல்லும் சொத்தை. அதையும் எடுக்கணும். அடுத்த வியாழன் வருவாரா?"

வரமாட்டேன் என்று ஆவேசமாகச் சொன்னேன். பஞ்சு வழியாக 'ழ'வைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை.

"வருவார் டாக்டர்" என்றாள் தமயந்தி. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஏதோ அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம், எந்தச் செய்தியும் வருவதற்கு முன்னாலேயே, நானே போய் மறுநாளைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.