கோந்து அண்ணன் ஒட்டிய அப்பா

திருச்செங்கோட்டில் ஏதாவது காணாமல் போனால் போலீசுக்குப் போகிறவர்கள் ஊருக்குப் புதுசு. விவரம் தெரிந்தவர்கள் நேராக எங்கள் போர்வெல் ஆபீசுக்கு வந்து, கோந்து அண்ணன் செய்த ஆல்பங்களைப் புரட்டுவார்கள். தேடி வந்தது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். என்ன, திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. அண்ணன் ஒட்டினால் ஒட்டியதுதான்.

ஆபீசில் அவருக்கு ஸ்டோர் வேலை. துளை போடும் பிட், ஹோஸ், நட்டு, போல்ட்டு எல்லாம் அவர் பொறுப்பு. நான் கம்ப்யூட்டரில் பில் போடுகிற ஆள், பக்கத்து மேஜை. எங்கள் ரிக் வண்டிகள் மழைக்காலம் போக மற்ற மாதமெல்லாம் சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று எங்காவது ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருக்கும். கூடப் போன ஆட்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது. அவர்கள் குடும்பத்தை மறந்துவிடக் கூடாது, குடும்பமும் அவர்களை மறந்துவிடக் கூடாது என்று அண்ணன் தாமாகவே ஆல்பம் செய்ய ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் செய்வது என்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

லாரி சீட்டு தைக்கிற கடையில் மிஞ்சின ரெக்சின்தான் மேலட்டை. பேரிங் வந்த பெட்டியை அறுத்துப் பக்கங்கள். தறி நூலை முறுக்கித் தையல். பசைக்கு மரவள்ளி மாவு. ஆபீசில் டீ வைக்கிற கரண்ட் அடுப்பில் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கடைசியில் மயில்துத்தம் கலப்பார். ஒருநாள் துத்தம் கலப்பதற்குள் முதலாளி வந்து, கஞ்சி என்று நினைத்து ஒரு டம்ளர் குடித்துவிட்டார். உப்புதான் பத்தலை என்றவர், அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. வாயைத் திறக்க முடிந்தால்தானே. மறுநாள் நாங்கள் எல்லோரும் போய், இன்றைக்கும் காய்ச்சுங்கள் என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டோம்.

போட்டோ மட்டும் ஒட்டினால் அது ஆல்பமே இல்லை என்பது அவர் கட்சி. பஸ் டிக்கெட் வேண்டும், முதல் மொட்டையின் முடி வேண்டும், குழந்தையின் கவுன் துணி வேண்டும். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறாரோ இல்லையோ, சட்டைப் பையில் கத்திரிக்கோல் இல்லாமல் போக மாட்டார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்த நேரம் பார்த்து வேட்டியின் பின்னோரத்தை ஒரு விரல்கடை நறுக்கிவிட்டார். மாப்பிள்ளை அன்று மேடையை விட்டு இறங்கும்போது பின்பக்கமாகவே நடந்து போனார்.

இன்னொரு தடவை, ஒரு டிரைவரின் ஆல்பத்தில் வண்டியின் ஒரிஜினல் பர்மிட்டையே ஒட்டிவிட்டார். ஒருபக்கம் அவன் மகனின் காதுகுத்து, மறுபக்கம் மகளின் பால்பல், நடுவில் பர்மிட். செக்போஸ்டில் அவன் ஆல்பத்தையே தூக்கிக் காட்டியிருக்கிறான். தமிழ் தெரியாத அந்த அதிகாரி பர்மிட்டைப் பார்த்த கையோடு அடுத்த பக்கத்தையும் புரட்டி, கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் விட்டாராம். அண்ணனுக்கு அதில் ஏகப் பெருமை. அரசாங்கமே பாராட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் செந்தில் ஒரு குறை சொன்னான். செந்தில் எங்கள் டிரில்லர், நல்ல வேலைக்காரன். போன லீவில் வீட்டுக்குப் போனபோது, அவன் மகள் அவனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்து அலறிவிட்டாள். லீவு முடிகிறவரை பக்கத்தில் வரவே இல்லை. வீடியோ காலில் பழக்கலாம் என்றால், வேலை நடக்கிற இடத்தில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் பாப்பாவுக்கு அப்பாவைவிடச் சிவப்புப் பட்டன் மேல்தான் பாசம், அமுக்கிவிடுவாள். அடுத்த லீவுக்குள் அவளுக்கு அப்பாவைத் தெரிந்துவிட வேண்டும். செந்திலுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அண்ணன் அந்த ஆல்பத்துக்கு உழைத்த மாதிரி ஸ்டோருக்கு உழைத்திருந்தால் கம்பெனி எங்கேயோ போயிருக்கும். கிழிக்க முடியாத கெட்டி அட்டை, குழந்தை கையைக் கிழிக்காத வட்ட மூலைகள். கூட வேலை செய்கிற பையன்களிடம் சொல்லி, செந்திலை விதவிதமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் செய்தார். ரிக் ஓரம் செந்தில், ராடு பிடித்தபடி செந்தில், சோறு சாப்பிடும் செந்தில். செந்திலின் மனைவி கோமதி தினமும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் காட்டினாள். கொஞ்ச நாளில் பாப்பா ஆல்பத்தைத் தட்டித் தட்டி அப்பா என்றாள். முத்தமும் கொடுத்தாள். அண்ணன் ஆபீஸ் முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தார்.

மழை பிடித்தது, வண்டிகள் ஊர் திரும்பின. செந்தில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக சலூனுக்குப் போய் முடி வெட்டி, மழமழவென்று சவரம் செய்து, பேசியலும் செய்துகொண்டு, புதுச் சட்டையில் வீட்டுக்குப் போயிருக்கிறான். அரை மணி நேரத்தில் ஆபீசுக்குப் போன். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, பாப்பா என்னை ஊட்டுக்குள்ளயே உடமாட்டீங்குதுங்க."

 அண்ணன் முகம் விழுந்துவிட்டது. என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, பசைச் சட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் பறந்தார். பசைச் சட்டி எதற்கு என்று கேட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றார்.

போனால், வாசல்படியில் பாப்பா ஆல்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். செந்தில் வாசலில், கையில் பொம்மையோடு. அவன் ஒரு அடி வைத்தால் அவள் ஆல்பத்தைத் திறந்து, போட்டோவைக் காட்டி "அப்பா" என்று அழுகிறாள். என் அப்பா இவர், நீ யார் என்று கேட்கிற மாதிரி இருந்தது. செந்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அண்ணன் ஆல்பத்தை எட்டிப் பார்த்தார், செந்திலைப் பார்த்தார், மறுபடி ஆல்பத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். எல்லாப் படத்திலும் செந்தில் தலை முதல் கால் வரை வெள்ளை. கல்லைத் துளைக்கும்போது பறக்கிற தூசி அப்படித்தான் அப்பும், புருவம்கூடத் தெரியாது. தலையில் துண்டு, நடுவில் இரண்டு கண். எங்களுக்குப் பழகிப்போன கோலம் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. பாப்பாவைப் பொறுத்தவரை அப்பா என்றால் வெள்ளை நிறம்.

"ஆல்பத்துல குத்தமில்லைங்க, ஆளுதான் மாறிப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்ன அண்ணன், கோமதியிடம் மாவு கேட்டார். இட்லி மாவா, காய்ந்த மாவா என்றாள் அவள். காய்ந்த மாவு போதும் என்று அரிசி மாவு டப்பாவை வாங்கிக்கொண்டு செந்திலை நெருங்கினார்.

"இப்பத்தானுங்கண்ணா பேசியல் பண்ணிட்டு வந்தேன்."

"அதுதான் சாமி வினையே. கண்ண மூடு."

முழு டப்பாவும் கவிழ்ந்தது. தலையில் துண்டைக் கட்டிவிட்டார். செந்தில் மாவுக் குவியலாக வாசலில் உட்கார்ந்தான். பாப்பா அழுகையை நிறுத்தினாள். படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஆல்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து மடியில் ஏறினாள்.

செந்தில் உடனே முகத்தைக் கழுவிக்கொள்ள எழுந்தான். அண்ணன் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"நீ தொடைக்காத. பாப்பாவே தொடைக்கட்டும்."

துண்டின் நுனியை அவள் கையில் கொடுத்தார். அவள் விளையாட்டாக மூக்கைத் துடைத்தாள். ஒரு மூக்கு வந்தது. நெற்றியைத் துடைத்தாள், நெற்றி வந்தது. கன்னத்தில் மட்டும் துடைக்கத் துடைக்கப் போகவில்லை, கண்ணீரில் மாவு குழைந்துபோயிருந்தது. அதை விரலால் வழித்து அவன் சட்டையிலேயே தடவினாள். மாவெல்லாம் போன பிறகும் இறங்கவில்லை. அந்த மழமழத் தாடையைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றாள். செந்தில் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தான்.

நான் செல்போனை எடுத்தேன். ஆல்பத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்குமா? அண்ணன் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேண்டாஞ் சாமி. பாப்பா திரும்பிப் பாத்துரும்."

கல்யாண மாப்பிள்ளையின் வேட்டியையே விட்டுவைக்காத மனுசன் அவர். அன்று கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். அப்படி நின்ற கோந்து அண்ணனை எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிக்கும்.