குருபோங்கில் நான் வைத்த சூனியம்

மலாக்கா மாநிலத்தில் ஒரே காலையில் அறுபது வீடுகளுக்குச் சூனியம் வைத்தவள் என்ற பெயர் எனக்கு உண்டு. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். சில வருடங்கள் வெட்கப்பட்டும் பார்த்தேன். இப்போது கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அறுபது வீடு என்பது சாதாரணக் காரியம் இல்லை. அதையே தொழிலாக வைத்திருப்பவர்கள்கூட ஒரு நாளைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று கேள்வி.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் குமாஸ்தா. அப்பாவும் ரயில்வே. அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து சிஸ்டராக ஓய்வு பெற்றவர். அதனால் குருபோங்கில் நாங்கள் இருக்கும் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான். மாதக் கடைசியில் சம்பளம், வயதானால் பென்ஷன் என்று வாழ்ந்த பரம்பரை. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது விற்றிருக்கிறார்கள் என்றால் அது பழைய பேப்பர் மட்டும்தான். நானும் ஒழுங்காக ஒரு வங்கியில் கிரெடிட் கார்டு பிரிவில் உட்கார்ந்திருந்தேன்.

கெடுத்தது அம்மாவின் கறித்தூள். மிளகாய், மல்லி, சோம்பு எல்லாவற்றையும் கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்புவரை வறுத்து இடிக்கும் தூள். பார்க்கக் கறுப்பாக இருக்கும். மீன் குழம்பில் போட்டால் நான்கு வீடு தள்ளி ஆள் எழுந்து வருவார். ஆபீசில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். இதை நாமே விற்றால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல், பொருளை நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குக் கோலாலம்பூர் போனேன். (போகாமல் இருந்திருந்தால் இந்தத் தாமான் நிம்மதியாக இருந்திருக்கும்.)

கன்னத்தில் மைக் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பயிற்சியாளர் அருமையாகப் பேசினார். கடை வேண்டாம், ஏஜெண்டு வேண்டாம், நேராக வாடிக்கையாளரின் வாசலுக்குப் போ என்றார். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். பொட்டலத்தைப் பிரிப்பதே ஒரு அனுபவமாக இருக்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எடுத்த எடுப்பில் என்ன விற்கிறாய் என்று சொல்லிவிடாதே, முதலில் ஆவலைக் கிளப்பு என்றார். நான் எல்லாவற்றையும் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை வேலையை ராஜினாமா செய்தேன்.

அம்மாவிடம் அதற்குப் பிறகுதான் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “மாசக் கடைசி மட்டும் பார். சரிவரேல்லையெண்டால் திரும்ப வேலைக்குப் போ. உன்ரை மேனேஜரிட்டை நான் கதைச்சுப் போட்டன்” என்றார். முப்பத்திரண்டு வயது மகளுக்காக மேனேஜருக்குப் போன் செய்து இடம் பிடித்து வைத்திருந்தார். மேனேஜரும் என் நாற்காலியை மாதக் கடைசிவரை காலியாக வைக்கச் சம்மதித்திருந்தார். ஆக எனக்கு இருந்தது மூன்று வாரம். அதற்குள் இந்தத் தூளுக்கு ஆள் பிடிக்காவிட்டால், வாழ்நாள் முழுவதும் கிரெடிட் கார்டுதான்.

என் கூட்டாளி கலா. அதே தாமான், மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், கார் வைத்திருந்தாள். முதல் கட்டமாக அறுபது தமிழ் வீடுகளுக்கு இலவச சாம்பிள் கொடுப்பது என்று முடிவு செய்தோம். எந்த வீட்டில் யார் என்ற விவரம் எங்கள் தாமான் கோயிலில் இருந்தது. அங்கே வசந்தா அக்கா அன்னதானத்துக்காக வீட்டு எண், வீட்டம்மா பெயர் என்று அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். அதைக் கேட்காமலே போனில் படம் எடுத்துக்கொண்டேன். (தப்புதான். அன்றைக்கு அதற்கு ‘டேட்டா’ என்று பெயர் வைத்திருந்தேன்.)

பொட்டலத்தை நானே வடிவமைத்தேன். பிளாஸ்டிக் வேண்டாம், நம் பண்பாடு தெரிய வேண்டும் என்று மஞ்சள் துணி. அதற்குள் அம்மாவிடம் அளவு கேட்டு நானே வறுத்து இடித்த கறுப்புத் தூள். இறக்கும்போது பிழிந்துவிட ஒரு சின்ன எலுமிச்சம்பழம், அம்மா மொழியில் தேசிக்காய். மேலே சிவப்பு நூலால் மூன்று சுற்று. ஒவ்வொன்றின் மேலும் அந்தந்த வீட்டம்மாவின் பெயர். உள்ளே ஒரு சீட்டு. அதில் நானே யோசித்துக் கைப்பட எழுதிய வாசகம்: ‘உங்கள் வீட்டைத் தேடி ஒன்று வருகிறது. மூன்றாம் நாள் தெரியும். காத்திருங்கள்.’ என்ன விற்கிறோம், யார் விற்கிறோம் என்று எங்கேயும் ஒரு சொல் கிடையாது.

கலா ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டர்ஷி, இது பாக்க ஒரு மாதிரி இருக்கு லா.”

“ஒரு மாதிரி இருக்கணும். அதான் ஸ்ட்ராட்டஜி” என்றேன்.

“இல்ல லா, வேற மாதிரி.”

“நீ கார மட்டும் ஓட்டு” என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். மக்கள் எழுந்து கதவைத் திறக்கும்போது ஆச்சரியம் காத்திருக்க வேண்டும் என்பது திட்டம். எங்கள் பிராண்டு நிறம் கறுப்பு என்பதால் இருவரும் கறுப்புச் சட்டை. கலா காரை மெதுவாக உருட்ட, நான் ஒவ்வொரு கேட்டாக ஓடி ஓடிக் கட்டினேன். நாய்கள் குரைத்தன. அறுபதையும் கட்டி முடித்து வீட்டுக்கு வந்து, ஒரு சாதனையாளருக்குரிய களைப்போடு மைலோ கலக்கிக் குடித்தேன்.

ஏழரைக்குப் போன் அதிர ஆரம்பித்தது. தாமான் வாட்ஸாப் குழுவில் ஐம்பது செய்தி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பது. படங்கள், குரல் பதிவுகள். பயிற்சியில் சொன்னதெல்லாம் நடக்கிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலாவுக்கு உடனே போன் செய்து, “ரீச்ச பாத்தியா?” என்றேன்.

“மொதல்ல ஓப்பன் பண்ணிக் கேளு” என்றாள் கலா.

திறந்தேன். முதல் குரல் மல்லிகா அக்காவுடையது. கோயில் தலைவரின் மனைவி. “யாரும் அதக் கையால தொடாதீங்க. தொட்டவங்க உப்புத் தண்ணில கை கழுவுங்க. எம் பேரு எழுதியிருக்கு. மூனு நாள் டைம் குடுத்திருக்கான்.” அடுத்து ஒருவர், இன்றைக்கு அமாவாசை என்று நினைவூட்டியிருந்தார். (எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அமாவாசையில் மீன் குழம்புத் தூள் கொடுத்த ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.)

மூன்றாவது லோரோங் சந்தில் ஒருவர் துணிந்து பொட்டலத்தைக் கொளுத்தியிருக்கிறார். வறுத்த மிளகாய், கேட்க வேண்டுமா? தெருவே இருமியது. நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று ஒரு அக்கா குழுவில் ஆறுதல் சொன்னார். அது திருஷ்டி சுற்றிப் போடும்போது, இது வேற கேஸ் என்று இன்னொருவர் திருத்தினார். அந்த விவாதம் மட்டும் இருபது செய்தி போனது.

 உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் முதல் யோசனை வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்பதுதான். பொட்டலத்தில் என் பெயர் இல்லை. திங்கட்கிழமை வங்கிக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அப்போதுதான் கலாவின் அடுத்த அழைப்பு வந்தது. “எல்லாரும் கோயில்ல இருக்காங்க. வசந்தா அக்காவ நிக்க வச்சுக் கேக்குறாங்க. பேரும் வீட்டு நம்பரும் அவங்க லிஸ்ட்ல தானே இருக்கு. அதோட, அவங்க வீட்டுல மட்டும் பொட்டலம் இல்லியாம்.”

பட்டியலை எழுதியவர் தன் பெயரை அதில் எழுதிக்கொள்ளவில்லை. அன்னதானத்தன்று பரிமாறுகிறவர் அவர்தானே, அவருக்கு எதற்கு எண்? போதாததற்கு வசந்தா அக்காவும் மல்லிகா அக்காவும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு விசேஷத்தில் யார் குத்துவிளக்கு ஏற்றுவது என்ற தகராறில் மூன்று வருடமாகப் பேசாமல் இருப்பவர்கள். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார்களாம். 

திரும்பினால் அம்மா நிற்கிறார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறார். மேசையில் மிச்சம் கிடந்த மஞ்சள் துணியையும் சிவப்பு நூலையும் பார்த்தார். வார்டில் நோயாளியிடம் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டார்.

“எத்தனை வீட்டிலை கட்டினனீ?”

“அறுபது.”

“பேர் எழுதினனியோ?”

“ஓம்.”

“தேசிக்காயும் வைச்சனியோ?”

“ஓம், அம்மா.”

அம்மா கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். “நான் போறன் அம்மா, வசந்தா அக்கா பாவம்” என்று செருப்பைத் தேடினேன்.  நான் கேட்டைத் திறக்கும்போது, அம்மா புடவை மாற்றிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

கோயில் வாசலில் தாமானே இருந்தது. பொட்டலங்களை இடுக்கியால் பிடித்தும் துடைப்பத்தால் தள்ளியும் கொண்டுவந்து ஒரு வாளியில் போட்டிருந்தார்கள். பூசாரி குனிந்து மோந்து பார்த்து, “வாசனை நல்லாத்தான் இருக்கு” என்றார். “அதான் சாமி ஆபத்து” என்றார் மல்லிகா அக்கா. நடுவில் வசந்தா அக்கா. அழவில்லை, பட்டியலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“கட்டினது நான்தான்” என்றேன்.  அதோடு நிறுத்தியிருக்கலாம். “இது ஒரு டீசர் கேம்பெய்ன்” என்று சேர்த்தேன்.

“யாரு நிக்கிறா, எலக்‌ஷன்ல?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“கறித்தூள் அக்கா. சாம்பிள்.”

“கறித்தூளுக்கு எதுக்கு எலுமிச்சம்பழம்?” என்றார் மல்லிகா அக்கா.

“கடைசியில பிழிய.”

“எதுக்கு எம் பேரு?”

“பெர்சனலா இருக்கணும்னு.”

“மூனாம் நாள் என்னா வரும்?”

“பிராண்டு பேரு வரும் அக்கா.”

யாரும் நம்பவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. அந்த நேரத்தில் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் போனார். ஒரு பொட்டலத்தை எடுத்து, நூலை அறுத்து, தூளில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். ஒருவர் “சிஸ்டர், வேணாம்” என்று கத்தியேவிட்டார். அம்மா மென்றார். இன்னொரு சிட்டிகை போட்டார். பூசாரி உட்பட அத்தனை பேரும் அவர் விழுவதற்காகக் காத்திருந்தோம்.

“மல்லி கூடிப் போச்சு” என்றார் அம்மா என்னைப் பார்த்து. “சோம்பு வறுபடேல்லை. நான் சொன்ன அளவிலை செய்யேல்லை நீ.”

சூனியம் வைத்தவள் என்பதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். அறுபது வீட்டுக்காரர்கள் முன்னிலையில் என் சரக்கு மட்டம் என்று சொன்னது இன்னும் வலிக்கிறது. பிறகு அம்மா கூட்டத்தைப் பார்த்து, “பிழை என்ரை மகளுடையது. வசந்தாவுக்கு ஒண்டும் தெரியாது” என்றார். என்னிடம், “மன்னிப்புக் கேள்” என்றார். வசந்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பட்டியலைத் திருடியதையும் சொன்னேன். எனக்குப் பின்னால் மல்லிகா அக்காவும் தரையைப் பார்த்துக்கொண்டு, “கோவிச்சுக்காத வசந்தா” என்றார். மூன்று வருடத்தில் முதல் வார்த்தை.

வசந்தா அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, “ஊருக்கே குடுத்திருக்க, எனக்கு மட்டும் இல்லியா?” என்றார்.



வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். வங்கிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிவாள்மணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மூண்டாம் நாள் எண்டு எழுதினனீ எல்லோ? எழுதினதைச் செய்ய வேணும்” என்றார். அடுத்த நாள் புதுத் தூள் வறுத்தார், இந்த முறை என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து. ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் வாங்கி, வாசலில் பெரிய சட்டியில் குழம்பு வைத்தார். வாழ்நாளில் ஒரு பொருளையும் விற்காத என் அம்மா, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார்.

மூன்றாம் நாள் என்ன வரும் என்று பார்க்கவே பாதிப் பேர் வந்தார்கள். மல்லிகா அக்காவும் வசந்தா அக்காவும் ஒரே ஸ்கூட்டரில் வந்திறங்கினார்கள். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்ததில் பழைய தகராறு மறந்துபோய்விட்டது என்று கலா சொல்கிறாள். என் மார்க்கெட்டிங்கில் நான் திட்டமிடாமல் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் தூள் தீர்ந்துவிட்டது. நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மேனேஜருக்கு நானே போன் செய்தேன்.

இப்போது எங்கள் தூள் ஜோகூர்வரை தபாலில் போகிறது. பிளாஸ்டிக் டப்பா, பெரிய எழுத்தில் பெயர், அதற்குக் கீழே ‘கறித்தூள்’ என்று மூன்று மொழியில். தாமான்காரர்கள் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “சூனியத்தூள் ஒரு டப்பா” என்றுதான் கேட்பார்கள், நானும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பேன்.

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், அம்மாவோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் என்னைக் காட்டி, “மகள் இப்ப எங்கை வேலை? வங்கியிலையோ?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார்.

“இல்லை, சூனியம் வைக்கிறாள். சொந்தத் தொழில்.”